பத்து நாளில் மூன்று நாடு: முழங்கால் வலி உள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா?

வெள்ளிவிளக்கு கேட்டது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபைப் போதகர் தலைமையில் 42 பேர் புனித பூமிப் பயணம் போகிறார்கள். எகிப்து, இஸ்ரேல், ஜோர்டான் மூன்றும் சேர்த்துப் பத்து நாள். அம்மாவுக்கு வயது 68. அப்பா இருந்தவரை இருவரும் சேர்ந்து போகவேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள், நடக்கவில்லை. இப்போது அந்த நோட்டீஸைக் கையில் வாங்கியதிலிருந்து அம்மா வேறு பேச்சே பேசுவதில்லை. கூட நானும் போவதாகத்தான் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். சமதரையில் அரை மணி நேரம் மெதுவாக நடப்பார். படி என்றால் கைப்பிடி வேண்டும், அதிலும் ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். நிகழ்ச்சி நிரலைப் படித்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது. முதல் நாள் கெய்ரோவில் இறங்கி பிரமிடு, மறுநாள் பகல் முழுக்க பஸ்ஸில் சீனாய், அன்று நள்ளிரவே மலையேற்றம், இறங்கி வந்து குளித்துவிட்டு தாபா எல்லை, மாலையில் சாக்கடல், இரவு பெத்லகேம். அப்புறம் ஒரு நாளில் நாசரேத்து, கானா, தாபோர் மலை, கப்பர்நகூம், படகுச் சவாரி என்று ஐந்து இடம். ஏற்பாடு செய்பவரிடம் கேட்டால் "எழுபத்தைந்து வயதுக்காரர்களே வந்திருக்கிறார்கள், கர்த்தர் பெலன் கொடுப்பார்" என்கிறார். கொடுப்பார்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் படி எத்தனை என்று கேட்டதற்கு அது பதில் இல்லையே.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. இயேசுவின் கல்லறை என்று எருசலேமில் இரண்டு இடங்களைக் காட்டுகிறார்களாம். எங்கள் நோட்டீஸில் தோட்டக் கல்லறை மட்டும்தான் இருக்கிறது, மற்றதைக் கேட்டால் "அது கத்தோலிக்கர் போகிற இடம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எதுதான் உண்மையான இடம்? யோர்தான் நதியில் எல்லாருக்கும் ஞானஸ்நானம் என்றும் போட்டிருக்கிறது. அம்மா குழந்தையிலேயே பெற்றவர், மறுபடியும் எடுக்கவேண்டுமா என்று இப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். விசா, போர்ச் சூழல், இன்சூரன்ஸ் பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

படகுத்துறை எழுதியது:

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை இதே மூன்று நாட்டுப் பயணம், இரண்டாம் முறை இஸ்ரேல் மட்டும் எட்டு நாள். முதல் பயணத்தில் எனக்கு இன்றும் தெளிவாக நினைவிருப்பது பஸ் ஜன்னல்தான். உங்கள் அம்மாவை அழைத்துப் போகலாமா என்று கேட்டால், போகலாம். இந்த நிரலில் போகலாமா என்று கேட்டால், வேண்டாம்.

சீனாயை முதலில் சொல்லிவிடுகிறேன். சீனாய் மலை, அதாவது ஜெபல் மூசா, 2285 மீட்டர். அடிவாரத்தில் செயின்ட் கேதரின் மடத்துப் பக்கமிருந்து நள்ளிரவு ஒன்று இரண்டு மணிக்குக் கிளப்புவார்கள், விடியும்போது உச்சியில் இருக்கவேண்டும் என்று. ஒட்டகம் கிடைக்கும், ஆனால் ஒட்டகம் உச்சிவரை போகாது. கடைசியில் சுமார் 750 கல்படி இருக்கிறது, அதை அவரவர் காலால்தான் ஏறவேண்டும். சீரான படி இல்லை, ஒன்று அரை அடி என்றால் அடுத்தது ஒன்றரை அடி. இருட்டு, குளிர், கையில் டார்ச். அப்புறம் அத்தனையும் இறங்கவேண்டும், உங்கள் அம்மாவுக்கு இறங்குவதுதான் பிரச்சினை என்கிறீர்கள். எங்கள் குழுவில் ஒரு பெரியவர் பாதி இறக்கத்தில் உட்கார்ந்துவிட்டார், அவரை இரண்டு பெதூயின் பையன்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து சேர்த்தபோது மணி பத்து. மொத்த பஸ்ஸும் அவருக்காகக் காத்திருந்ததில் அவருக்கு மலையைவிட அந்த அவமானம்தான் பெரிதாக இருந்தது.

ஆகவே மலை வேண்டாம், விடுதியிலேயே தூங்கட்டும். காலையில் எல்லாரும் இறங்கி வந்ததும் அடிவாரத்தில் மடத்தைப் பார்ப்பார்கள், அதற்கு அம்மா வரலாம். ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டீனியன் பேரரசன் கட்டிய மதில் இன்னும் நிற்கிறது, உள்ளே எரியும் முட்செடி என்று ஒரு செடியைக் காட்டுவார்கள். ஒன்று மட்டும் விசாரியுங்கள்: மடம் பார்வையாளருக்கு வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை. உங்கள் குழு போகிற கிழமை திறந்திருக்குமா என்று முன்கூட்டியே கேட்கவில்லை என்றால் வெளிச்சுவரோடு திரும்பவேண்டியதுதான்.

நாடு மாறும் இடங்களில் நோட்டீஸில் சொல்லாத ஒரு வேலை இருக்கிறது. தாபாவில் எகிப்து பஸ் நின்றுவிடும். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்து எல்லையைக் கடந்து, இரண்டு பக்கச் சோதனையும் முடித்து, அந்தப் பக்கம் வேறு பஸ், வேறு வழிகாட்டி. 42 பேருக்கு இது இரண்டு மணி நேரமும் ஆகலாம், நான்கும் ஆகலாம். பெரும்பாலும் நின்றுகொண்டே. ஜோர்டானுக்குள் போகும்போது இதே கூத்து இன்னொரு தடவை.

எருசலேமில் படி எங்கெங்கே என்று சொல்கிறேன். சிலுவைப்பாதை, அதாவது வியா டொலொரோசா, பழைய நகரச் சந்தைத் தெருக்கள் வழியாகப் போகிறது. தேய்ந்து வழவழப்பான கல், அகலப்படிகள், எதிரே தள்ளுவண்டி வரும், மழை பெய்தால் இன்னும் மோசம். ஒலிவ மலை உச்சியிலிருந்து கெத்செமனேக்கு இறங்கும் சாலை செங்குத்து, முழங்காலுக்கு அது ஒரு நரகம். ஆனால் அதைத் தவிர்க்க வழி இருக்கிறது: உச்சியில் நகரத்தைப் பார்த்துவிட்டு அம்மா பஸ்ஸிலேயே உட்காரட்டும், பஸ் சுற்றிக்கொண்டு கீழே கெத்செமனே வாசலுக்கு எப்படியும் வரும். பெத்லகேமில் பிறப்பிட ஆலயத்தின் வாசல் ஏறத்தாழ நாலடி உயரம்தான், எல்லாரும் குனிந்துதான் நுழையவேண்டும். குகைக்குள் இறங்க வளைவான கல்படிகள் கொஞ்சம் உண்டு, கூட்டம் நெருக்கும், நீங்கள் அம்மாவுக்கு முன்னால் இறங்குங்கள். தாபோர் மலைக்குப் பெரிய பஸ் ஏறாது, அடிவாரத்தில் வேனுக்கு மாற்றுவார்கள், அதில் கஷ்டம் இல்லை. கப்பர்நகூம், தாப்கா, மகிழ்ச்சி மலை என்று கலிலேயாப் பக்கம் கிட்டத்தட்ட எல்லாமே சமதரை. ஜோர்டான் பக்கம் நேபோ மலையும் அப்படித்தான், பஸ் மேலேயே போய்விடும்.

ஏற்பாட்டாளரிடம் "எத்தனை இடம்" என்று கேட்காதீர்கள், "எந்த இடத்தில் எத்தனை நிமிடம்" என்று எழுதி வாங்குங்கள். எங்களை அழைத்துப்போன ஆட்கள் பிறப்பிட ஆலயத்தில் வரிசை நீளம் என்று சொல்லிக் குகைக்குள் இறங்கவிடாமலே திருப்பிவிட்டார்கள். அதே நாள் ஒலிவமரச் சாமான் கடையில் ஒன்றே கால் மணி நேரம் நிறுத்தினார்கள். கமிஷன் யாருக்குப் போனது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

ஒலிவமலை எழுதியது:

நான் கத்தோலிக்கன், எனவே கல்லறை விஷயத்தில் ஒருதலைப்பட்சமாகப் பேசுவேன் என்று முன்பே ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் "அது கத்தோலிக்கர் இடம்" என்பது தகவல் பிழை. அந்த மற்ற இடம், அதாவது திருக்கல்லறை ஆலயம், ஆறு திருச்சபைகளுக்குப் பொது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ், பிரான்சிஸ்கன் சபையார் மூலமாகக் கத்தோலிக்கர், அர்மீனியர், காப்டிக், சிரியன், எத்தியோப்பியர். உள்ளே எந்தத் தூணுக்கு யார் விளக்கேற்றுவது, எந்தப் படியை யார் பெருக்குவது என்பதுவரை துருக்கிய ஒட்டோமான் ஆட்சிக் காலத்து ஏற்பாடு ஒன்று இன்றும் நடக்கிறது. வாசலுக்கு மேலே ஜன்னலோரம் ஒரு மர ஏணி சாய்ந்திருக்கும், யாரும் அதை எடுக்க முடியாது, எடுத்தால் சண்டை. கதவின் சாவி இரண்டு முஸ்லிம் குடும்பங்களின் பொறுப்பில். கிறிஸ்தவர்களாகிய நம் லட்சணம் அது!

சரி, எது உண்மை என்ற கேள்வி. இயேசு நகர வாசலுக்கு வெளியே பாடுபட்டார் என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது, இந்த ஆலயமோ இன்று மதிலுக்கு உள்ளே இருக்கிறது, அப்படியானால் இது பொய் என்றுதான் பலர் வாதிடுவார்கள். ஆனால் இன்று நாம் பார்க்கும் மதில் 16ஆம் நூற்றாண்டில் சுல்தான் சுலைமான் கட்டியது. இயேசுவின் காலத்தில் அந்த இடம் மதிலுக்கு வெளியே பழைய கல்குவாரியாகவும் கல்லறைகளாகவும் இருந்தது. சிலுவை மரணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஏரோது அகிரிப்பா கட்டத் தொடங்கிய மூன்றாம் மதில்தான் அதை நகருக்குள் இழுத்துக்கொண்டது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசன் ஹாட்ரியன் அதன் மேல் ஒரு கோவில் கட்டினான், நாலாம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் அதை இடித்துவிட்டு ஆலயம் எழுப்பினான், 335இல் அர்ச்சிப்பு. நடுவில் இடிக்கப்பட்டு, எரிந்து, சிலுவைப்போர்க்காரர்கள் திரும்பக் கட்டியதுதான் பெரும்பாலும் இன்று நிற்பது.

தோட்டக் கல்லறை தமஸ்கு வாசலுக்கு வெளியே இருக்கிறது. 1883இல் பிரிட்டிஷ் ஜெனரல் கார்டன் அதன் பக்கத்துப் பாறையைப் பார்த்து, இது மண்டையோடுபோல் இருக்கிறது, இதுதான் கொல்கொதா என்று சொன்னதிலிருந்து அது பெயர்பெற்றது. தொல்லியலாளர் காப்ரியேல் பார்க்காய் ஆராய்ந்து, அந்தக் கல்லறை இயேசுவின் காலத்துக்குப் பல நூற்றாண்டு முந்தையது, அதாவது அரசர்கள் காலத்தது என்று சொன்னார். யோசேப்பு தனக்காகப் புதிதாக வெட்டிய கல்லறை என்று நற்செய்தி சொல்வதோடு அது பொருந்தவில்லை.

இதையெல்லாம் சொன்ன நானே சொல்கிறேன், உங்கள் அம்மாவுக்குத் தோட்டக் கல்லறைதான் பிடிக்கும். மரநிழல், உட்கார பெஞ்சு, அமைதி, குழுவாகப் பாடி இராப்போஜனம் எடுக்கத் தனி இடம். திருக்கல்லறையில் கூட்டமும் புகையும் இருட்டும், கல்லறை அறைக்குள் நுழைய சில நாள் இரண்டு மணி நேரம் வரிசை, உள்ளே நிற்க அரை நிமிடம்கூடத் தரமாட்டார்கள். கல்வாரி மேடை வாசலுக்கு வலப்பக்கம், அதன் படி ரொம்பச் செங்குத்து. ஆனால் வாசலுக்கு நேரே தரைமட்டத்தில் ஆண்டவரின் உடலுக்கு நறுமணத் தைலம் பூசிய இடத்தின் நினைவாக ஒரு கல் இருக்கிறது, அதில் கைவைத்துப் பெண்கள் அழுவதைப் பார்த்திருக்கிறேன், படியே ஏறவேண்டாம். இரண்டு கல்லறைக்கும் நடுவே நடை பத்துப் பதினைந்து நிமிடம். அதிகாலையில் நீங்கள் இருவரும் தனியாகப் போய்விட்டு வாருங்கள், அந்த நேரம் கூட்டம் இருக்காது.

ஒலிவ மலையில் பாட்டர் நோஸ்டர் ஆலயம் நிரலில் இல்லையென்றால் கேட்டுச் சேருங்கள். சுவர் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் கர்த்தருடைய ஜெபம் ஓட்டில் எழுதிப் பதித்திருக்கிறார்கள். தமிழும் இருக்கிறது. நான் அந்த ஓட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் குழு போய்விட்டது, வழிகாட்டியிடம் திட்டு வாங்கினேன், பரவாயில்லை.

உப்புத்தூண் எழுதியது:

சாக்கடலில் இறங்குகிற அன்று காலையில் முகச்சவரம் செய்யாதீர்கள். அனுபவித்தவன் சொல்கிறேன். தண்ணீர் கண்ணில் பட்டால் கையால் துடைக்கவும் கூடாது, கையிலும் அதே உப்புதான். அம்மாவைக் கரையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காலில் சேறு பூசிவிடுங்கள், போதும். மிதக்கத்தான் வேண்டும் என்றால் பத்து நிமிடம், பக்கத்தில் நீங்கள் இருக்கவேண்டும். ஏறத்தாழ 430 மீட்டர் கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கிறோம் என்று வழிகாட்டி சொல்லும்போது எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார்கள், பிறகு வெயில் தலையில் இறங்கும்போதுதான் புரியும்.

முன்சீட்டுக்காரன் எழுதியது:

எங்கள் திருச்சபைக்கு நான்கு முறை குழு அழைத்துப் போயிருக்கிறேன். சம்பளம் இல்லை, திட்டு மட்டும். அந்தப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் கேளுங்கள்.

படகுத்துறை ஐயா சொன்ன நேரக் கணக்கு சரி. ஆனால் ஒலிவமரக் கடையை மொத்தமாகக் குறைசொல்ல மனம் வரவில்லை. பெத்லகேமிலும் பெத்சாகூரிலும் அந்தச் செதுக்கு வேலை பெரும்பாலும் அங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்களின் பிழைப்பு. பயணிகள் நின்றுபோனால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது, 2023 அக்டோபரில் போர் தொடங்கிய பிறகு அதைத்தான் அனுபவித்தார்கள். இருபது நிமிடம் நிறுத்தினால் குற்றமில்லை. ஒன்றே கால் மணி நேரம் என்றால் அது கொள்ளை.

பெத்லகேம் பாலஸ்தீன நிர்வாகப் பகுதி, இஸ்ரேல் குடிமக்கள் அங்கே நுழையக்கூடாது என்று சாலையோரம் சிவப்புப் பலகை வைத்திருப்பார்கள். அதனால் உங்கள் வழிகாட்டி யூதராக இருந்தால் வழியிலேயே இறங்கிக்கொள்வார், உள்ளே வேறொருவர் ஏறுவார். திரும்பும்போது சோதனைச் சாவடியில் சில நேரம் சிப்பாய் பஸ்ஸில் ஏறிப் பாஸ்போர்ட் பார்ப்பார். பயப்பட ஒன்றுமில்லை, போட்டோ மட்டும் எடுக்காதீர்கள்.

விசா: இஸ்ரேல் இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, சின்னச் சீட்டு ஒன்று தருவார்கள், வெளியேறும்வரை அதைத் தொலைக்கக்கூடாது. ஆனால் தாபாவில் எகிப்து குத்துகிற முத்திரையே நீங்கள் எங்கே போனீர்கள் என்று சொல்லிவிடும், பின்னால் வேறு சில நாடுகளுக்குப் போகிற எண்ணம் இருந்தால் இதை யோசித்துக்கொள்ளுங்கள். விசா தேவையில்லாத நாட்டுப் பாஸ்போர்ட் என்றால்கூட 2025 ஜனவரி முதல் இணையத்தில் முன் அனுமதி வாங்கவேண்டும், கட்டணம் 25 ஷெக்கல். மற்றவர்கள் முன்பே விசா எடுத்தாகவேண்டும், குழு விசா என்றால் குழுவோடு நுழைந்து குழுவோடுதான் வெளியேற வேண்டியிருக்கும். நடுவில் அம்மாவுக்கு முடியவில்லை, நாம் மட்டும் முன்னதாகத் திரும்புகிறோம் என்றால் என்ன செய்வது என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

இன்சூரன்ஸ்தான் நிறையப் பேர் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற தாள். பெரும்பாலான பயணக் காப்பீட்டில் போர் விலக்கு என்று ஒரு வரி இருக்கும், அதாவது சண்டை மூண்டு விமானம் ரத்தானால் ஒரு காசு வராது. அதேபோல் ஏற்கனவே இருக்கும் வியாதிக்கும் பல இடத்தில் கிடையாது. முழங்கால், ரத்த அழுத்தம், சர்க்கரை எது இருந்தாலும் மறைக்காமல் எழுதி அதற்கான பாதுகாப்பை வாங்குங்கள். பயணம் ரத்தானால் கட்டிய பணத்தில் எவ்வளவு திரும்பும், எந்தத் தேதிக்குள் என்பதையும் ஏற்பாட்டாளர் எழுத்தில் தரவேண்டும். "பார்த்துக்கொள்ளலாம் பிரதர்" என்றால் பார்க்கமாட்டார்கள்.

சின்ன விஷயங்கள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன்பே யூதப் பகுதிகளில் கடை அடைத்துவிடுவார்கள், விடுதியில் ஒரு லிப்ட் ஒவ்வொரு மாடியிலும் தானாக நின்று நின்று போகும், அது பழுது இல்லை, ஓய்வுநாள் லிப்ட். யூத உணவு முறைப்படி நடக்கும் கோஷர் விடுதியில் இறைச்சி பரிமாறும் இரவுச் சாப்பாட்டில் பால் வராது, காப்பிக்குப் பால் கேட்டு எங்கள் தாய்மார்கள் ஒவ்வொரு பயணத்திலும் சமையல்காரரோடு மல்லுக்கட்டுவார்கள். மேற்குச் சுவரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனிப் பகுதி, அம்மாவோடு நீங்கள் நிற்க முடியாமல் போகலாம், குழுவில் ஒரு துணையை முன்பே சொல்லிவையுங்கள். ஆலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்கவேண்டும். காதில் மாட்டுகிற கருவி குழுவுக்கு உண்டா என்று கேளுங்கள், அது இருந்தால் மெதுவாக நடப்பவர்கள் இருபதடி பின்னால் வந்தாலும் வழிகாட்டி சொல்வது கேட்கும். எங்கள் மூன்றாவது பயணத்தில்தான் அது கிடைத்தது, முதல் இரண்டில் பின்வரிசைக்காரர்கள் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். வழிகாட்டிக்கும் டிரைவருக்கும் அன்பளிப்பு தனியாக வசூலிப்பார்கள், அது கட்டணத்தில் சேர்ந்ததா இல்லையா என்பதையும் கேட்டுவிடுங்கள், கடைசி நாள் பஸ்ஸில் கவர் சுற்றும்போது முகம் சுளிக்கவேண்டாம்.

வெள்ளிவிளக்கு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. 750 படி என்று அம்மாவிடம் சொன்னதும் "மோசே ஏறினார், போதும்" என்று சொல்லிவிட்டார். சீனாய் முடிந்தது. ஞானஸ்நானம் பற்றி யாருமே சொல்லவில்லையே? நேற்று ஜெபக்கூட்டத்தில் இரண்டு அக்காமார்கள் "மூழ்கி எடுக்காவிட்டால் போனதில் என்ன அர்த்தம்" என்று கேட்டு அம்மாவை அழவைத்துவிட்டார்கள்.

ஒலிவமலை எழுதியது:

அழவைத்தது தப்பு. ஒரே ஞானஸ்நானம் என்றுதான் பவுலடியார் எபேசியருக்கு எழுதினார், குழந்தையில் பெற்றதை ஏற்கிற திருச்சபைகள் மறுமுழுக்கு கொடுப்பதில்லை. நாங்கள் அங்கே செய்தது திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிப்பது. சாமியார் வாக்குறுதிகளை ஒவ்வொன்றாகக் கேட்பார், நாங்கள் பதில் சொல்வோம், நதித் தண்ணீரைத் தலையில் தெளிப்பார். அவ்வளவுதான். உங்கள் போதகரிடம் தனியாகப் பேசுங்கள், அம்மா காலை நனைத்துவிட்டுக் கரையில் நின்று ஜெபிக்கட்டும்.

படகுத்துறை எழுதியது:

எந்த இடத்தில் இறக்குகிறார்கள் என்பதையும் பாருங்கள், மூன்று இடம் இருக்கிறது. யர்தெனிட் கலிலேயாக் கடலிலிருந்து நதி வெளியேறுகிற இடத்தில், தண்ணீர் பச்சையாகத் தெளிவாக இருக்கும், கைப்பிடியோடு நல்ல படிக்கட்டு, வெள்ளை அங்கி வாடகைக்கு, உடைமாற்ற அறை, பெரிய கடை. வசதி எல்லாம் உண்டு, ஆனால் இயேசு ஞானஸ்நானம் பெற்ற இடமாக நெடுங்காலமாகக் கருதப்படுவது அது இல்லை. அந்த இடம் தெற்கே, எரிகோவுக்குக் கிழக்கில் இருக்கிறது. மேற்குக் கரையில் நின்றால் கஸர் அல் யஹுத், எதிர்க்கரையில் ஜோர்டான் பக்கம் அல் மக்தாஸ், 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. நடுவில் நதி சில மீட்டர் அகலம்தான். நம் ஊழியர்கள் பாடுகிற பாட்டில் வருகிற யோர்தானை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும், கலங்கல் தண்ணீர், இரு கரையிலும் காவலர், வழியில் வேலிக்கு அந்தப்புறம் கண்ணிவெடி எச்சரிக்கை. எதிர்க்கரையில் வேறொரு குழு வேறொரு மொழியில் பாடிக்கொண்டிருந்தது, எங்கள் ஆட்கள் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள், அவர்கள் முடித்ததும் நாங்கள் பாடினோம். கைநீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்தது, இரண்டு நாடு.

படிக்குக் கைப்பிடி வேண்டும் என்றால் யர்தெனிட். இடம் முக்கியம் என்றால் மற்றது. முழங்காலைப் பார்த்து முடிவுசெய்யுங்கள், தவறில்லை.

வெள்ளிவிளக்கு எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஏற்பாட்டாளரிடம் நிமிடக் கணக்குக் கேட்டேன். முதலில் சிரித்தார், பிறகு கோபப்பட்டார், பிறகு ஒரு தாள் அனுப்பினார். அதில் கப்பர்நகூமுக்கு 20 நிமிடம், பிறப்பிட ஆலயத்துக்கு "வரிசையைப் பொறுத்து", கடைக்கு 60 நிமிடம். போதகரிடம் தாளைக் காட்டினேன். அவருக்கே அது தெரியாதாம். மாலையில் ஐந்தாறு குடும்பம் உட்கார்ந்து பேசினோம், எங்கள் அம்மாவைப்போல் முடியாதவர்கள் ஒன்பது பேர் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது, யாருமே வாயைத் திறக்கவில்லை, விசுவாசக்குறைவு என்று நினைத்துவிடுவார்களோ என்று. இப்போது எகிப்தை எடுத்துவிட்டு இஸ்ரேலும் ஜோர்டானும் மட்டும் அதே பத்து நாளில் என்று வேறு விலை கேட்டிருக்கிறோம். கலிலேயாவில் இரண்டு இரவுக்குப் பதில் மூன்று. இளைஞர்கள் சிலருக்குச் சீனாய் நிரலிலிருந்து போனதில் வருத்தம், ஒருவர் குழுவிலிருந்து விலகுவதாகச் சொல்லியிருக்கிறார். திருக்கல்லறை ஆலயத்துக்கு விருப்பப்பட்டவர்கள் அதிகாலையில் போகலாம் என்று போதகர் சொல்லிவிட்டார், அவரும் வருகிறாராம்.

அம்மாவிடம், இத்தனை இடத்தில் ஒன்றே ஒன்றுதான் பார்க்கலாம் என்றால் எது வேண்டும் என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். எருசலேம் என்று சொல்வார் என்று நினைத்தேன். உயிர்த்தெழுந்த பிறகு இயேசு கரையில் கரிநெருப்பு போட்டு மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு சீஷர்களைச் சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டாரே, அந்தக் கரை வேண்டும் என்றார். அப்பாவுக்குப் பிடித்த பகுதியாம் அது. எனக்கு இதுவரை தெரியாது. அந்தக் கரை என்று காட்டுகிற இடத்தில் தண்ணீர்வரை இறங்க முடியுமா?

படகுத்துறை எழுதியது:

முடியும். தாப்காவில் பேதுருவின் தலைமை ஆலயம் என்று கருங்கல்லில் ஒரு சின்ன ஆலயம், தண்ணீரை ஒட்டியே இருக்கிறது. உள்ளே பீடத்துக்கு முன்னால் ஒரு பாறை, அதில்தான் அப்பமும் மீனும் வைத்தார் என்பது மரபு. வெளியே வந்தால் கரை. மணல் இல்லை, கூழாங்கல், சில இடத்தில் பாசி வழுக்கும். அம்மாவுக்குப் பின்வார் வைத்த ரப்பர் செருப்பு வாங்கிக்கொள்ளுங்கள், வெறுங்காலோடு வேண்டாம். காலையில் முதல் இடமாக அங்கே போகச் சொல்லுங்கள், பத்து மணிக்கு மேல் பஸ் வரிசையாக வந்துவிடும்.